கத்தரிக்காய் இல்லாத பட்டியல்

போனக்காடு தேயிலை எஸ்டேட் பக்கத்துச் சிறிய மருத்துவமனை ஒன்றின் பழைய நோயாளி அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை எங்களுக்கு வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மாடியறை, ஒரு லினக்ஸ் கணினி, நானும் ஒரு பெண்ணும். அவள் அந்த எஸ்டேட்டில் பிறந்தவள். நான்கு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகத் தட்டினாள். அட்டைகள் கரையான் அரித்தவை என்று பிறகு மருத்துவமனையில் எரித்துவிட்டார்கள். அவள் தட்டியதுதான் மிச்சம்.

கணினிக்குள் இரண்டு கன்டெய்னர்கள். தனித்தனியாகப் பூட்டிய இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அசல் விவரம். மற்றதில் நான் சோதித்துப் பார்க்கப் போலி விவரம். போலி நோயாளிகளுக்குக் கத்தரிக்காய், புடலங்காய் என்று பெயர் வைத்திருந்தோம். முருங்கைக்காய்க்கு முழங்கால் வலி.

எனக்கு ஒரே ஒரு குடைச்சல். கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கின்றன; அவற்றுக்கு இடம் கொடுத்த கணினிக்கு மட்டும் அந்தப் பெயர்கள் தெரியவில்லை. இது என்ன நியாயம்? தோண்டிப் பார்த்தேன். பெயர்ப் பட்டியல் அவற்றின் உள்வலைக்குள்ளேயே இருக்கிறது, கணினி அங்கே போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான். கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இரண்டின் ஐபி முகவரிகளையும் பார்த்து, 'அசல்', 'சோதனை' என்று, எந்தப் பெயருக்கு எந்த முகவரி எனக் கணினி பார்த்துக்கொள்ளும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கையால் எழுதி வைத்தேன். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. சோம்பேறித்தனம், வேறென்ன.

ஒரு மத்தியானம் மழையில் கரண்ட் போய் வந்தது. கணினி மறுபடி எழுந்ததும், சோதனை விவரத்தைத் துடைத்துவிடலாம் என்று 'சோதனை'க்குள் போய் அழிக்கும் கட்டளையை அடித்தேன். என்டரைத் தட்டவில்லை. முருங்கைக்காயின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. கட்டளையை நீக்கிவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். ஒரு காய்கூட இல்லை. எல்லாம் வித்துரா, பொன்முடி ஊர்களின் நிஜ நோயாளிகள். நான் நின்றிருந்தது அசலுக்குள்.

முகவரி கன்டெய்னருக்குச் சொந்தமில்லையாம். எழுந்திருக்கும் வரிசைப்படி கிடைப்பதாம். அன்று வரிசை மாறியிருந்தது. நான் எழுதிய வரிகள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தன.

அந்த வரிகளை நீக்கினேன். பெயரைக் கொடுத்தால் அந்த நிமிடத்து முகவரியைக் கேட்டுச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். பிறகு அவளைக் கூப்பிட்டு எதையும் மறைக்காமல் சொன்னேன். ஸ்கிரிப்டையும் கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன்.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

"அப்போ நீங்க அந்த பட்டன அமுக்கியிருந்தா, எல்லாம் போயிருக்கும், அல்லே?"

"ஆமா."

பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"இதுல ஒரு காப்பி தாங்கண்ணா. எல்லா வெள்ளிக்கிழமையும் வேணும். இனி உங்கள மட்டும் நம்பினா போரா, கேட்டோ."

நான் மட்டும் போதாதாம்; சுருக்கென்றது.  உடனே பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் தன் மடிக்கணினியில் செருகி, நடுவிலிருந்து ஏதோ ஓர் அட்டையைத் திறந்து, கடைசி வரி வரை படித்த பிறகுதான் பையில் வைத்தாள்.