சிரிக்காத அக்கா

எங்கள் ஊர் ஓவியரிடம் உட்கார்ந்து படம் வரையச் சொன்னால் வழுக்கையில் முடி முளைக்கும், இரட்டைத் தாடை ஒற்றையாகும், சுருக்கமெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகும். எல்லா முகத்திலும் ஒரே அளவில் ஒரு சிரிப்பு இருக்கும். வங்கி மேலாளரின் மனைவி, தன் படத்தைப் பார்த்த பிறகு கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டார் என்று கேள்வி. அந்தப் படங்களுக்குச் சட்டம் அடிப்பவன் நான். நாலு பேர் வந்து போகிற கடை, காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

அவருக்கு அறுபது வயதானபோது நகராட்சி மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஆரம்ப காலப் படம் ஒன்றாவது வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. வாலிப வயதில் தன் அக்காவை வரைந்தது, அக்கா வீட்டிலேயே இருந்தது. வாங்கி வந்து ஓவியர் வீட்டுச் சுவரில் சாய்த்ததும் ஓவியருக்கு முகம் செத்துப்போனது. படத்தில் அக்கா வாயை இறுக்கி, புருவத்தைச் சுருக்கி, உள்ளே வருகிறவனைத் திட்டத் தயாராக இருந்தார்.

"இதை மாட்டினா என் மானம் கப்பலேறிடும்யா" என்றார் என்னிடம். அன்று மாலையே தூரிகையை எடுத்து, அக்கா உதட்டில் தன் வழக்கமான சிரிப்பை வரைந்துவிட்டார். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. என் ரசனை அவ்வளவுதான்.

மறுநாள் சட்டம் பொருத்த அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். படத்தின் முன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"யாருடா இவ?"

"நீதான்க்கா."

"நான் எப்படா இப்படிப் பல்லைக் காட்டினேன்?"

 அக்காவே சொன்னார். படம் வரைந்த அன்று உள்ளே குழந்தைக்குக் காய்ச்சலாம். மாமியார் ஒரு பக்கம் முணுமுணுத்துக்கொண்டிருக்க, தம்பி வேறு அசையாதே அசையாதே என்று கெஞ்சினாராம்.

"எழுந்து உனக்கு ரெண்டு வைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்ப உனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. அதனால என்னைப் பாத்து வரைஞ்ச. என் வீட்ல என் கஷ்டம் தெரிஞ்சது அந்தப் படத்துக்கு மட்டும்தான்டா."

ஓவியர் டர்பன்டைன் தொட்ட துணியை எடுத்தார். மேலே நேற்றுப் போட்ட சிரிப்பு இன்னும் ஈரம், அடியில் காய்ந்து கெட்டியான பழைய பூச்சு. அழுத்தித் துடைத்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஒத்தி ஒத்தி எடுத்தார். சிரிப்பு போனது. கூடவே கீழுதட்டின் ஓரத்தில் ஒரு சில்லும் உதிர்ந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி நான் அளவுநாடாவைச் சுருட்டினேன். உதிர்ந்த இடத்தைச் சரிசெய்ய ஓவியர் தூரிகையை எடுத்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாத. நான் மட்டும் அப்படியேவா இருக்கேன்? விடு."

உதிர்ந்த உதட்டோடுதான் படம் மண்டபத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு வந்த முதல் வாடிக்கையாளர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். ஓவியர் தூரிகையைத் தொடாமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் வலித்து அவர் முகம் தானாக ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் வரைய ஆரம்பித்தார். படம் முடிந்து, சட்டமும் அடித்து, இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் இப்போதெல்லாம் என் கடை வந்தால் தெருவின் எதிர்ப்பக்கமாகப் போகிறார்.