நாலாம் நம்பர் கோழியும் நர்ஸம்மாவும்

பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த நர்ஸம்மா, ஓய்வு பெற்றதும் வீட்டுப் பின்பக்கம் கம்பிவலை அடித்துக் கோழி வளர்த்தாள். பெயரெல்லாம் வைக்கவில்லை. வார்டுப் பழக்கம், ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று ஆறு வரைக்கும்.

ஆறாம் நம்பர் வளர்ந்து சேவலாகிப்போனது. பக்கத்து வீட்டு வக்கீல் புகார் கொடுத்தார். நகருக்குள் பெட்டை வளர்க்கலாம், சேவல் கூடாது. விதியை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, சேவலை ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் விட்டுவந்தாள். பத்தே நாளில் நாலாம் நம்பர் கூவ ஆரம்பித்தது. சேவல் இல்லாத கூட்டத்தில் அடாவடியான பெட்டை ஒன்று அந்த இடத்தைப் பிடிப்பதுண்டு. இது வக்கீலின் மண்டையில் ஏறவில்லை; மறுபடியும் புகார் கொடுத்தார்.

சுகாதார ஆய்வாளர் கோழி பிடிக்கும் கூண்டோடு வந்தார். இரண்டாம் முறை சேவல் பிடிபட்டால் மொத்தக் கோழியும் பறிமுதல்.

"கூவுது, கொண்டையும் நிமிர்ந்து நிக்குது. அப்புறம் என்னம்மா?"

"பெட்டைங்க அது."

நாலாம் நம்பரைத் தூக்கி மடியில் வைத்து, வாலடியில் விரல் வைத்துப் பார்த்தாள். இடுப்பெலும்பு விரிந்திருந்தது. உள்ளே முட்டை ஓடு தட்டுப்பட்டது.

"பதினோரு மணிக்குள்ள ஆயிடும். உக்காருங்க."

பதினொன்று அடித்தது. ஆகவில்லை. வார்டிலும் இப்படி நேரம் சொல்லித்தான் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

"என்ன நர்ஸம்மா, ஆபரேஷன் பண்ணிடலாமா?" மதிலுக்கு மேலே வக்கீலின் தலை.

"சத்தம் போடாதீங்க. இந்த நேரத்துல ஆம்பளைங்களை வராந்தாவுக்கு அனுப்பித்தான் எனக்குப் பழக்கம்."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கூண்டைத் திறந்தார். அவள் கோழிக்கொட்டகை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைத் தாண்டித்தான் போகணும்."

பதினொன்று நாற்பதுக்கு நாலாம் நம்பர் முட்டையிட்டது. அதோடு விட்டதா? கழுத்தை நீட்டி ஒரு கூவலும் போட்டது. ஆய்வாளர் சூடு ஆறாத முட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டே "பெட்டைக்கோழி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ இந்தச் சத்தம்?" என்றார் வக்கீல்.

"கூவட்டும்."

ஒன்றரை வருடம் கழித்து அவள் இறந்தாள். ஈரலில் புற்று. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். துக்கம் கேட்க வந்த வக்கீல், கிளம்பும்போது பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இனிமே யாரும்மா இதுங்களைப் பாத்துப்பா? குடுத்துடலாமே."

நர்ஸம்மாவின் மகள் கோழிகளின் தண்ணீர்த் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இதுங்க இங்கதான் இருக்கும், மாமா. புகார் குடுக்கணும்னா இப்பவே எழுதுங்க. பேனா தரேன்."