குழாயில் இறுகிய மண்

பூமிக்கடியில் அணுக்கழிவைப் புதைத்தால் அந்தக் குழியின் வாயை எதைக்கொண்டு அடைப்பது? ஓசூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் ருக்ஸார் அதற்காக ரப்பர், சிமெண்டு, களிமண் எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்தாள். அங்கே உதவியாளர் திம்மராயன். ஜவளகிரிக்காரர், கையில் எடுத்ததைக் கழுவாமல் கீழே வைக்க மாட்டார். ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்தவர், களிமண் அடைத்த இரும்புக் குழாயையும் கழுவித் தொலைத்தார்.

விடுமுறை முடிந்து பார்த்தால், மண் தண்ணீரில் ஊறி உப்பிக் குழாய்க்குள் இறுகிக் கிடந்தது.

"மெஷினைத்தானே கழுவச் சொன்னேன், அண்ணா!" என்று ருக்ஸார் சீறினாள்.

திம்மராயன் தலைகுனிந்து நின்றார். வேலை போச்சு என்றே நினைத்தார்.

மண்ணை வெளியே தள்ள, அவள் பம்பை மாட்டித் தண்ணீரை விட்டாள். மறுமுனையில் ஒரு சொட்டு வரவில்லை. அழுத்தத்தைக் கூட்டினாள். ஊஹூம். ரப்பரும் சிமெண்டும் இந்த அழுத்தத்தில் கசிந்திருந்தன.

குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்க. இதுக்கு மட்டும் ஏண்ணா வெக்கல?"