பதுவையில் விட்டுவந்த படம்

பார்க்டேலில், எங்கள் கோயிலுக்கு வரும் அன்ரியின் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் இரண்டு தடவை லிப்ட் வரைக்கும் திரும்பிப் போனேன்.

கோயில் ஆட்களோடு நான் இத்தாலிக்குப் புறப்பட்டபோது அவர் தன் மகனின் படத்தை என்னிடம் தந்திருந்தார். ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில் காணாமல் போன மகன். அவரிடம் இருந்த ஒரே படம். பதுவை நகரில் கோடி அற்புதர் என்ற புனிதரின் கல்லறையில் வைக்கச் சொன்னார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். கல்லறைப் பக்கம் முழுக்கப் படங்கள்: குழந்தைகள், நோயாளிகள், நசுங்கிய கார்கள். அவற்றுக்கு நடுவில் செருகிவிட்டு வந்தேன். எங்கள் ஊரில் நேர்த்திக்கு வைத்ததை யாரும் திருப்பி எடுப்பதில்லை. திரும்பி வரும் விமானத்தில்தான் கூட வந்த ஒருவர் கேட்டார்: "அன்ரி கல்லறையில தொட்டு எடுத்துக்கொண்டு வரச் சொன்ன படம் கவனமோ?"

அன்ரி கதவைத் திறந்தார். "வா பிள்ளை. எப்பிடி அந்த ஊர்?"

ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசாத நான் பேசத் தொடங்கினேன். மழையிலும் நனையாமல் நடக்கலாம், தெருவோரமெல்லாம் தூண் வைத்த கூரை என்றேன். புனிதரின் நாக்கைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், ஆனால் அவர் பிறந்தது போர்த்துக்கலில் என்றேன். பழைய பல்கலைக்கழகத்தில் பிணம் அறுத்துப் படித்த வட்ட அறையையும், டொக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண்ணின் சிலையையும் சொன்னேன்.

"என்னடி, வாய் திறந்திட்டுது! இத்தாலித் தண்ணி ஏதும் குடிச்சனியோ?"

நான் நிறுத்தவில்லை. "ஒரு சின்னக் கோயில் அன்ரி. முதல்ல ஒரு கண்ணாடி அறைக்குள்ள இருத்தி வச்சுத்தான் உள்ள விடுவினம், எங்கட மூச்சுப் பட்டால் சித்திரம் பழுதாப் போகுமாம். கூரை முழுக்க நீலம், தங்க நட்சத்திரம். சுவரில ராசாவின்ர சேவகர் தாய்மாரிட்ட இருந்து பிள்ளையளைப் பறிக்கிற..."



"ஏன் நிப்பாட்டினாய்? சரி, படத்தைத் தா."

சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"என்ர பிள்ளையைத் தனிய விட்டிட்டு வந்திட்டியோ?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். பிறகு, "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். ஒரு குழந்தையின்ர படத்துக்குக் கீழ."

"கழட்டுவினமோ?"

"இடம் நிரம்பினால் எடுப்பினமாம்."

"எடுத்து?"

"தெரியாது அன்ரி."

அவர் எழும்பி அறைக்குள் போனார். மேசை லாச்சிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டோடு வந்து என் மடியில் போட்டார்.

"இது எத்தினை மாசத்துக்கு இருக்கெண்டு பார். உன்ர மகளிட்ட பிளேன் ரிக்கற் பாக்கச் சொல்லு. நீயும் வாறாய்."

எனக்கு லீவு ஒரு நாளும் மிச்சமில்லை. வேலையே போகலாம்.

"ஓம் அன்ரி," என்றேன்.

மகளுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. "திருப்பி அடி," என்றார் அன்ரி. அடித்தேன். "திருப்பி அடி."