மருந்து ஃப்ரிட்ஜுக்கு நல்ல நேரம்

நான் படிச்சது பி.ஃபார்ம். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர்ல வேலை பார்த்தப்ப, தாயத்து கட்டிக்கினு வர்றவங்களைப் பார்த்தாலே எனக்கு வாய் சும்மா இருக்காது. “தாயத்து சுகரைக் குறைக்காதும்மா”ன்னு மாத்திரையோட உபதேசத்தையும் சேர்த்துக் கொடுப்பேன்.

அந்த வேலையை விட்டதே சொந்தமா மெடிக்கல் வைக்கணும்னுதான். என் வீட்டுக்காரரோட அண்ணன் காஞ்சிபுரத்துல சூப்பர் மார்க்கெட் நடத்தறார். அரிசி மூட்டைக்கும் ஷாம்புக்கும் நடுவுல எனக்கு ஒரு மூலை கொடுத்தார். “இந்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் வரலைன்னா வளையல் கடைக்காரனுக்கு விட்டுடுவேன்மா. கேட்டுக்கினே இருக்கறான்”னாரு. மாமா விளையாட்டுக்குச் சொல்ற ஆள் இல்லை.

லைசென்ஸுக்கு முன்னாடி டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து இடத்தைப் பார்க்கணும். அலமாரி, பூட்டு, என் சர்ட்டிபிகேட், எல்லாம் ரெடி. இன்சுலின் வைக்கற ஃப்ரிட்ஜ் புதன்கிழமை வந்தது. அன்னைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. நான் ஃப்ரிட்ஜைப் போடாம வெச்சிருந்ததைப் பார்த்து மாமாவுக்கே பொறுக்கலை.

“ஏம்மா, அதுக்கு என்னா கல்யாணமா பண்றோம்? ஸ்விட்ச்சைப் போடும்மா!”

“வீட்டுத் தறியில புதுசா பாவு நூல் ஏத்தணும்னா நாள் பார்க்கறீங்க இல்ல மாமா?”

“தறிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்னாம்மா சம்பந்தம்?”

அப்பவும் நான் ஸ்விட்ச்சைப் போடலை. வெள்ளிக்கிழமை நல்ல நாள். மல்லிப்பூ வாங்கி வந்து, ஃப்ரிட்ஜுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு நிமிர்ந்தா, பத்தரை தாண்டிடுச்சு. ராகு காலம். இன்ஸ்பெக்டர் மத்தியானம்தான் வர்றதா சொல்லியிருந்தாங்க. பன்னிரண்டுக்கு மேல போட்டா என்ன குடியா முழுகிடப் போவுதுன்னு உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்கே வந்துட்டாங்க. என்னைவிடச் சின்ன வயசுப் பொண்ணு. அலமாரியைப் பார்த்துத் தலையாட்டினாங்க. ஃப்ரிட்ஜைத் திறந்து கையை விட்டாங்க. உள்ளே வெளியைவிடப் புழுக்கம்.

“ஓடலையா?”

“புதுசு மேடம். கொஞ்ச நேரம் நிக்க வெச்சுட்டுத்தான் போடணும்னு கம்பெனியில சொன்னாங்க.”

“அது சரிதான். எப்ப வந்தது?”

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பில் கவுன்ட்டர்லேர்ந்து மாமா குரல். பொய்யே வராத மனுஷன்.

“புதன்கிழமையே வந்துடுச்சு மேடம்! ராகு காலம் போவட்டும்னு இந்தப் பொண்ணுதான் காத்துக்கினு இருக்குது!”

அந்தம்மா மல்லிப்பூவைப் பார்த்தாங்க, சந்தனத்தைப் பார்த்தாங்க, சுவத்துல மாட்டின என் பட்டத்தைப் பார்த்தாங்க. சிரிச்சிருந்தாகூடத் தேவலை. சிரிக்கலை. ஐயோ, கூனிக்குறுகிப் போயிட்டேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்னு என்னை மாதிரி ஆளுக்குத்தான் சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கு வேணும், இன்னமும் வேணும்.

“ஃப்ரிட்ஜ் ஓடி, குளிர் நிலையா நிக்கறதைப் பார்க்காம நான் எழுத முடியாதும்மா. அப்புறம் வர்றேன்.”

அடுத்த புதனோட மாசம் முடியுது. “மேடம், மேடம், மாசத்துக்குள்ள எப்படியாவது வந்துடுங்க மேடம்”னு கெஞ்சினேன். மாமா பில் போடறதை நிறுத்திட்டு எங்களையே பார்த்துக்கினு இருந்தார்.

அந்தம்மா போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. “செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இருக்கு. மூணு மணி. அதை விட்டா அடுத்த மாசம்தான். பரவாயில்லையா?”

செவ்வாய், மூணிலேர்ந்து நாலரை ராகு காலம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

“வாங்க மேடம். ரொம்ப நல்ல நேரம்”னேன். சொல்லிக்கினே கையை நீட்டி ஸ்விட்ச்சைப் போட்டேன். அப்ப மணி பதினொண்ணேகால்.