தலையில் கை வைத்த பிரிசில்லா

பஸ் எந்த வளைவில் திரும்பினாலும் பிரிசில்லாவின் வலது கை தலையை விட்டு இறங்குவதில்லை. உச்சந்தலையில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆலங்காயத்தில் ஏறியவள் ஆம்பூர் ஷூ கம்பெனி வாசல்வரை ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். பக்கத்து சீட்டு மேகலா மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

"இன்னாக்கா, குடியா முழுகிப்போச்சு? கைய எறக்கு."

"எறக்குனா தோள்லேர்ந்து கரண்டு பாயுதுடி. மேல வெச்சாதான் உசுரு வருது. நான் இன்னா பண்ணட்டும்?"

சாவு வீட்டில் வைக்கிற கையைக் காலங்காலையில் தலையில் வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? மாமியார் மரியம்மாளுக்கு அது பேஜாரோ பேஜார். "எம்புள்ள கல்லாட்டம் இருக்கான். எவன் செத்தான்னு இப்படி உக்காந்துனு இருக்கே?" என்று தட்டிவிடுவாள். பிரிசில்லா கையைக் கீழே போடுவாள். மாமியார் அந்தப் பக்கம் போனதும் கை மறுபடி ஏறிவிடும்.

ஷூவின் மேல்தோலைத் தைக்கும் மெஷின் அவளுடையது. கம்பெனியுடையது என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவாள். காலையில் குனிந்த தலை சாப்பாட்டு மணிக்குத்தான் நிமிரும். தையல் வளைகிற இடத்தில் தோலைத் தள்ளிக்கொடுப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அந்த இரண்டும் மரத்துப்போயின. முதலில் பசைமேல் பழி போட்டாள். "சொல்யூஷன்தாண்டி வெரல தின்னுட்ச்சு" என்று கையுறை மாட்டிப் பார்த்தாள். அப்புறம் முழங்கை முதல் நகக்கண் வரை சர்ச்சில் கொடுத்த ஜெப எண்ணெய். ஒருநாள் ஊசி விரலில் இறங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஷூவின் வெள்ளைத் தோலில் ரத்தத்தைப் பார்த்து மேகலாதான் அலறினாள்.

சூப்பர்வைசர் இன்பராஜ் நல்ல மனிதர். ஆனாலும் சொல்லிவிட்டார். "வெரலுக்கு உணர்ச்சி வந்தா மெஷினு. அதுவரைக்கும் பேக்கிங்தாம்மா. நாளைக்கு வெரலே போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அன்று பஸ்ஸில் அந்த இரண்டு விரல்களையும் இடது கையால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஷஹீன் பானுவின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, மரியம்மாள் தட்டத் தட்ட கை தலைக்கு ஏறிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"தட்டாதீங்கம்மா! ஏம்மா, அங்க வெச்சா வலி கம்மியாகுதா?"

"ஆமா மேடம்! ஊரே திட்டுது மேடம்!"

"உள்ள வாங்க, கழுத்தப் பாக்கணும்."

கை வலி என்று வந்தவளுக்குக் கழுத்து வைத்தியமா? தலையை வலப்பக்கம் சாய்த்து மெல்ல அழுத்தினார் டாக்டர். கட்டைவிரல்வரை சுரீரென்று பாய்ந்தது. ஸ்கேனும் அதையேதான் சொன்னது. கழுத்து முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. கையைத் தலைமேல் வைத்தால் நரம்பின் இழுப்பு தளர்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும், கையில் பலம் குறைந்தால் மட்டும் உடனே வரவேண்டும் என்றார்.

பிரிசில்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "கை ஒரு தப்பும் பண்லடி! கழுத்துதாண்டி திருடன்!" என்று மேகலாவுக்கு போன் போட்டுக் கத்தினாள். திரும்பும் பஸ்ஸில் மரியம்மாளே மருமகளின் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். முறைத்தவர்களைத் திருப்பி முறைத்தாள்.

அவள் திரும்பி வந்து உட்காரும்போது குனிய வேண்டாமென்று இன்பராஜ் மெஷினுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி வைத்தார். வலி தோளோடு நின்று, பிறகு அதுவும் ஓய்ந்தது. விரல்கள்தான் அடம் பிடிக்கிற பிள்ளைகள் மாதிரி மரத்தே கிடந்தன. பேக்கிங் மேசையில் அட்டைப்பெட்டி மடித்தபடி, தன் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

போன ஞாயிறு, சர்ச்சுக்குப் போய்வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் என்னவோ சுருக்கென்றது. முள்!

"அத்தே! ஓடியாங்க! கிள்ளுங்க!"

"இன்னாடி, பைத்தியமா?"

"கிள்ளுங்கத்தே!"

மரியம்மாள் கட்டைவிரலைப் பிடித்துக் கிள்ளினாள். எத்தனை நாள் ஆத்திரமோ, நன்றாகவே கிள்ளினாள்.

"ஐயோ, வலிக்குது! வலிக்குதத்தே!" பிரிசில்லா குதித்தாள். சிரிப்பும் அழுகையுமாக முகம் கோணியது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, செதில் ஒட்டிய ஆள்காட்டி விரலை மாமியார் முன்னால் நீட்டினாள்.