அத்தை முடிக்காத மௌனம்

என் அத்தைக்கு அந்த வருடம் எப்படியாவது பக்கத்திலிருக்கும் கம்பத்துக்கு மாற்றல் கிடைத்துவிட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரையும்விட, ஆறாம் வகுப்புப் படித்த நான்தான் குறியாக இருந்தேன். எல்லையில் மாமா குண்டடிபட்டு இறந்த பிறகு அவளுக்குக் கொடுத்த குமாஸ்தா வேலை பெரியகுளத்தில். சுருளிப்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வருவாள். மாமாவின் நினைவு நாளுக்கு வரும் கட்சித் தலைவர், சிபாரிசுக் கடிதத்தை மேடையிலேயே தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர்கள் அதிகம். நினைவு நாளுக்கென்று அவர்கள் வைத்த முறை ஒன்று உண்டு. முதலில் மௌனம். அதற்கு நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. இறந்தவர் வீட்டு ஆள் நினைவுத் தூணின் அடியில் செம்புத் தண்ணீரை ஊற்றினால்தான் முடியும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

அன்று தலைவர் இரண்டு மணி நேரம் தாமதம். வந்த வேகத்தில் மைக்கைப் பிடித்துவிட்டார். மாமாவைப் பற்றி ஒரே ஒரு வரி, மிச்சமெல்லாம் தேர்தல். மாமா செத்ததற்கு எதிர்க்கட்சிதான் காரணம், அவர் உயிரோடு இருந்தால் அவர் ஓட்டு நமக்குத்தான் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் ஆளாகக் கை தட்டினேன். பக்கத்திலிருந்த அத்தை என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு தூணடிக்குப் போனாள்.

“எல்லாரும் எந்திரிங்க. இன்னும் மௌனம் நடக்கல.”

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. பென்ஷன் வாங்கும் பட்டாளத்துப் பெரியவர்கள் விறைத்து நின்றார்கள். தலைவரும் பாதிப் பேச்சோடு நிற்க வேண்டியதாயிற்று. நல்ல வெயில். ஒரு கைக்குழந்தை அழுது ஓய்ந்தது. தலைவர் இருமிப் பார்த்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அத்தையும் செம்பைச் சாய்க்கவில்லை. கடைசியில் அவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். கடிதமும் அவரோடு போயிற்று. கார் கண்ணுக்கு மறைந்த பிறகே அத்தை தண்ணீரை ஊற்றினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வழியெல்லாம் அழுதேன். “தண்ணி ஊத்த மறந்துட்டேன்னு சொல்லுங்கத்தை. மன்னிச்சிருவாக, லெட்டரும் குடுப்பாக.”

“நான் ஒண்ணும் மறக்கலத்தா” என்றாள். மறுநாள் வழக்கம்போல முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இன்றைக்கும் அதே பெரியகுளத்துக்குத்தான் போய்வருகிறாள்.

அன்று காலை அவள் தலை மறைந்ததும் நான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். “எங்கள் அத்தைக்கு ஞாபக மறதி அதிகம். பொறுத்துக்கொண்டு மாற்றல் தரவும்” என்று தலைவருக்கு எழுதித் தபாலில் போட்டேன். அத்தைக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.